16 வயதுத் தடை: ஒரே வீட்டில் இரண்டு விடைகள்

16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கு கூடாது என்ற தடை ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பரில் வந்தது. அதற்குப் பிறகு ஊரிலிருந்து வரும் எந்த அழைப்பிலும், நலம் விசாரித்து முடித்ததும் அடுத்த கேள்வி இதுதான்: "அங்க பசங்களுக்கு இன்ஸ்டாகிராம் எல்லாம் நிறுத்திட்டாங்களாமே, நிஜமாவே நின்னுடுச்சா?" கோயம்புத்தூரில் இருக்கும் என் நாத்தனார் கேட்டபோது அதில் ஏக்கமே இருந்தது. அவள் பையன் எட்டாவது படிக்கிறான். "அண்ணி, இங்கயும் அப்படி ஒரு சட்டம் வந்தா பழநிக்கு வந்து முடி இறக்கறேன்னு வேண்டியிருக்கேன்" என்றாள்.

அவளுக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். நாங்கள் இருப்பது சிட்னியின் மேற்குப் பகுதியில், டூங்காபி பக்கம். மகளுக்கு 14 வயது, மகனுக்கு 11. இரண்டு பேருக்கும் ஒரே சட்டம்தான். மகனிடம் வேலை செய்தது. மகளிடம் பெரிதாக வேலை செய்யவில்லை. ஏன் இப்படி ஆனது என்பதில்தான் மற்ற பெற்றோர்களுக்குப் பயன்படக்கூடிய விஷயம் இருக்கிறது.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்பது. இங்கேயே நிறையப் பேருக்கு அது சரியாகத் தெரியாது. 2024 நவம்பர் கடைசியில் ஆஸ்திரேலியப் பாராளுமன்றம் இதை நிறைவேற்றியது. ஓராண்டு அவகாசம் கொடுத்து, 2025 டிசம்பர் 10 அன்று நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், த்ரெட்ஸ், டிக்டாக், ஸ்னாப்சாட், எக்ஸ், யூடியூப், ரெடிட், ட்விட்ச், கிக் ஆகிய பத்திலும் 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் கணக்கு வைத்திருக்க முடியாதபடி அந்தந்த நிறுவனங்கள்தான் தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும். தவறினால் 4 கோடியே 95 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். பிள்ளைக்கும் பெற்றோருக்கும் எந்தத் தண்டனையும் கிடையாது. எங்கள் தெருவில் ஒரு பாட்டி, பேத்தியின் போனைப் பார்த்தால் போலீஸ் வந்துவிடும் என்று நம்பி அவளைக் கோயிலுக்குக்கூடப் போனை எடுத்துவர விடவில்லை. பேத்தி எவ்வளவு விளக்கியும் பாட்டி அசையவில்லை என்பது வேறு கதை.

இன்னொன்று: தடை கணக்குக்குத்தான். கணக்கில் நுழையாமல் யூடியூபில் வீடியோ பார்க்கலாம். வாட்ஸாப், டிஸ்கார்ட், ரோப்லாக்ஸ், பின்டரெஸ்ட் எதுவும் பட்டியலில் இல்லை. யூடியூபையும் முதலில் விட்டுவிடுவதாகத்தான் இருந்தார்கள். 2025 ஜூலையில் மனதை மாற்றிக்கொண்டு சேர்த்தார்கள்.

இதன் தொடக்கமே ஒரு வீட்டுப் பேச்சுதான். தெற்கு ஆஸ்திரேலிய மாநில முதல்வர் பீட்டர் மலினாஸ்கஸின் மனைவி, பிள்ளைகளும் ஸ்மார்ட்போனும் பற்றிய ஒரு புத்தகத்தைப் படித்துவிட்டு, இதற்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று கணவரிடம் சொன்னாராம். அவர் முன்னாள் தலைமை நீதிபதி ராபர்ட் ஃபிரெஞ்சிடம் வரைவு கேட்டார். அந்த வரைவில் முழுத் தடை 14 வயதுக்குக் கீழேதான். 14, 15 வயதுக்காரர்களுக்குப் பெற்றோர் சம்மதம் இருந்தால் போதும். நாடு முழுவதற்கும் என்று வந்தபோது அது 16 ஆனது. அந்த இரண்டு வயது வித்தியாசம்தான் எங்கள் வீட்டில் எல்லாத் தலைவலியும்.

நவம்பரிலேயே மகளுக்கு அறிவிப்புகள் வரத் தொடங்கின. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், த்ரெட்ஸ் மூன்றையும் நடத்தும் மெட்டா நிறுவனம் டிசம்பர் 4 முதலே கணக்குகளை மூடத் தொடங்கியது. அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அவள் படங்களையும் வீடியோக்களையும் இறக்கினோம். உங்கள் நாட்டில் இப்படி ஒரு சட்டம் வருவதாக இருந்தால் முதலில் செய்ய வேண்டியது இதுதான். கேட்டதும் கைக்கு வந்துவிடாது. கோப்பு தயாரானதும் மின்னஞ்சலில் ஒரு இணைப்பு வரும், அதுவும் சில நாளில் காலாவதியாகிவிடும். கடைசி நாளில் கேட்டவர்கள் திண்டாடினார்கள். சில செயலிகளில் கணக்கை அழிக்காமல் 16 வயது வரை முடக்கி வைக்கும் வசதி இருந்தது. மகள் அதைத் தேர்ந்தெடுத்தாள்.

அப்போது தெரிந்த ஒரு விஷயம் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. வகுப்புத் தோழிகள் ஒருத்தியின் போன் நம்பர்கூட அவளிடம் இல்லை. தினமும் ராத்திரி பதினோரு மணி வரை பேசுகிறவர்கள், ஒருத்திக்கு ஒருத்தி ஒரு புனைபெயராகவும் ஒரு சின்னப் படமாகவும் மட்டும் இருந்தார்கள். முடக்கினால் பத்து மாத நட்பு ஒரே நாளில் கைவிட்டுப் போகும். கடைசி வாரம் ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பள்ளிக்கு எடுத்துப்போய் நம்பர் வாங்கி வரச் சொன்னேன். "அம்மா, யாராவது நோட்டுல நம்பர் எழுதுவாங்களா" என்று முனகினாள். ஆனால் மற்ற பிள்ளைகளும் அந்த நோட்டைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டார்களாம். டொரன்டோவில் இருக்கும் சித்தி பெண், கோயம்புத்தூரில் இருக்கும் அத்தை பையன் எல்லோரும் வாட்ஸாப் குழு ஒன்றுக்கு வந்தார்கள். புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இது சின்ன விஷயமில்லை. சொந்தக்காரப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதே அந்தத் திரைகளில்தான்.

பரதநாட்டிய வகுப்பு ஒத்திகை நேரத்தை ஸ்டோரியில்தான் போடும், நெட்பால் அணி ஆட்டப் பட்டியலையும் அப்படியே. இரண்டு இடத்திலும் பெற்றோர்களாகப் போய்க் கேட்டோம். மின்னஞ்சலுக்கு மாற்றினார்கள். கேட்டால் மாற்றிவிடுகிறார்கள், கேட்கத்தான் ஆள் இல்லை.

தடை வந்த அன்று நடந்தது யாரும் எதிர்பார்க்காதது. மகள் உண்மையான பிறந்த தேதியைக் கொடுத்துக் கணக்குத் தொடங்கியவள். அவளுடையது முதல் நாளே போய்விட்டது. பிறந்த வருடம் 2003 என்று போட்டிருந்த தோழிகளின் கணக்குகள் அப்படியே இருந்தன. அவர்களில் சிலரை ஒரு செயலி முகத்தைக் காட்டச் சொல்லியிருக்கிறது. காட்டியதும் 18க்கு மேல் என்று சொல்லி அனுப்பிவிட்டதாம். "நீதான் உண்மையான தேதி போடச் சொன்ன. உண்மை சொன்னவங்க மட்டும்தான் மாட்டினோம்" என்றாள். எனக்குப் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை.

முகத்தை வைத்து வயதைக் கணிப்பது இப்படித்தான் இருக்கும் என்று அரசுக்கு முன்கூட்டியே தெரியும். அவர்களே நடத்திய சோதனையின் அறிக்கை, 16ஐ ஒட்டிய வயதுகளில் கணிப்புத் தவறலாம், வெள்ளையர் அல்லாதவர்களுக்கும் பெண்களுக்கும் துல்லியம் குறையலாம் என்று சொல்லியிருந்தது. எங்கள் பெண்கள் இரண்டிலும் வருகிறார்கள். அரசு அடையாள அட்டையை மட்டுமே ஒரே வழியாகக் கேட்கக் கூடாது என்று சட்டம் சொல்வது நல்லதுதான். அதனால் முகக் கணிப்பு முன்னுக்கு வந்தது. அதனால் 14க்கும் 18க்கும் நடுவே எல்லாம் மங்கல்.

பள்ளிகளில் பிரதமர் அல்பனீசியின் வீடியோ ஒன்றைப் போட்டுக் காட்டினார்கள். புதிதாக ஒரு விளையாட்டையோ இசைக் கருவியையோ கற்றுக்கொள்ளுங்கள், அலமாரியில் கிடக்கும் புத்தகத்தை எடுத்துப் படியுங்கள் என்று. மகள் அதைக் குரல் மாற்றி நடித்துக் காட்டியதில் தம்பி சிரித்துப் புரையேறினான். அடுத்த வாரமே கோடை விடுமுறை. வேலைக்குப் போகும் பெற்றோர்களுக்கு இதைவிட மோசமான நேரத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

ஜனவரியில் ஒரு பொங்கல் கூடலில் இன்னொரு அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, என் மகளுக்குப் புதுக் கணக்கு இருக்கிறது என்றார். தோழியின் அக்கா முகத்தைக் காட்டித் திறந்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். மறைக்கவில்லை. "எல்லாரும் அங்கதாம்மா இருக்காங்க. நான் மட்டும் எஸ்எம்எஸ் அனுப்பிட்டு இருக்கணுமா?" என்றாள்.

திட்டியிருக்கலாம். அவள் கையிலிருந்து போனை வாங்கி அந்தக் கணக்கை முதலில் பார்த்தேன். பார்த்த பிறகு, கணக்கு திறந்ததைவிட அது எந்த மாதிரிக் கணக்கு என்பதுதான் பயமாக இருந்தது. பழைய கணக்கு பதின்வயதினருக்கானது. யாரும் சும்மா உள்ளே வர முடியாது, தெரியாதவர்கள் செய்தி அனுப்ப முடியாது. இப்போது அவள் அந்தச் செயலியின் கண்ணில் 19 வயதுப் பெண். யார் வேண்டுமானாலும் கோரிக்கை அனுப்பலாம், அனுப்பியும் இருந்தார்கள். பந்தய விளம்பரம் ஒன்றும் நடுவே வந்து போனது. அந்தக் கோரிக்கைப் பெட்டியை இரண்டு பேருமாக உட்கார்ந்து மேலிருந்து கீழ் வரை பார்த்தோம். ஒரு வார்த்தை நான் பேசவில்லை. பாதியிலேயே அவளே "போதும், எடுத்துடலாம்" என்றாள்.

அதனால் பெற்றோர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது ஒன்றே ஒன்று: பாவமாக இருக்கிறதே என்று உங்கள் முகத்தையோ அடையாள அட்டையையோ பிள்ளைக்குக் கடன் கொடுக்காதீர்கள். சட்டப்படி உங்களுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் பிள்ளைக்கு நீங்கள் திறந்து கொடுப்பது பெரியவர்களுக்கான கணக்கு. தடைக்கு முன் இருந்த கணக்கைவிட அது மோசம். தெரிந்த வீடுகளிலேயே இதைச் செய்தவர்கள் இருக்கிறார்கள், படித்தவர்கள்தான்.

யூடியூபிலும் இதே சங்கடம். கணக்கு இருந்தபோது பெற்றோர் கண்காணிப்பு அமைப்புகளை வைத்திருந்தேன். கணக்கு போனதோடு அதுவும் போனது. இப்போது கணக்கில்லாமல் பார்க்கிறார்கள், பெரியவர்களுக்கு மட்டும் என்று குறித்த வீடியோக்களைத் தவிர வேறெதுவும் வடிகட்டப்படுவதில்லை. பிரவுசரில் கட்டுப்பாட்டு முறையைப் போட்டுவைக்கலாம், கணக்கு இல்லாமலேயே அது வேலை செய்யும். ஆனால் பிள்ளைக்கே அதை எடுக்கத் தெரியும். எங்கள் வீட்டில் பலித்தது, யூடியூபை ஹால் டிவிக்கு மட்டும் என்று வைத்தது. கணக்குப் பாடம், நடன வீடியோ, மாமியாரின் பக்திச் சொற்பொழிவு எல்லாம் அங்கேதான். ரிமோட்டுக்குச் சண்டை வருகிறது. வரட்டும்.

மகன் விஷயத்துக்கு வருகிறேன். போன வருடம் வரை "கிளாஸ்ல எல்லார்கிட்டயும் இருக்கு, எனக்கு மட்டும் இல்லை" என்பதுதான் அவன் ஒரே வாதம். அது பொய்யும் இல்லை. 13 வயது என்பது நிறுவனங்கள் எழுதிவைத்த பழைய எல்லை, 1998ஆம் வருடத்து அமெரிக்கச் சட்டத்திலிருந்து வந்தது. ஆரம்பப் பள்ளியிலேயே பாதிப் பிள்ளைகள் அதைத் தாண்டி உள்ளே இருந்தார்கள். ஒரு வீடு மட்டும் வேண்டாம் என்றால் அந்தப் பிள்ளை ஒதுங்கிப் போகும். ஒதுங்கிவிடுமோ என்ற பயத்தில்தான் அடுத்த வீடும் கொடுத்தது, அதற்கடுத்த வீடும் கொடுத்தது.

தடை இந்தச் சங்கிலியைத்தான் அறுத்தது. இந்த வருடம் அவன் ஆறாம் வகுப்பு, அடுத்த வருடம் ஹைஸ்கூல். பள்ளி திறந்ததும் வகுப்புப் பெற்றோர் குழுவில் ஒரு சீனத்து அம்மா, ஹைஸ்கூல் போகும்போதும் சாதாரண போன் மட்டுமே கொடுப்போமா என்று கேட்டார். முன்பெல்லாம் இப்படிக் கேட்டால் குழுவில் ஒரு நாள் முழுக்க மௌனம் இருக்கும். இந்த முறை வரிசையாகச் சம்மதம் வந்தது. யாரும் கண்டிப்பான அம்மாவாக ஆக வேண்டியிருக்கவில்லை, "சட்டமே வேண்டாம்ங்குது" என்று சொல்லிவிடலாம். மகனும் இப்போது அந்த வாதத்தை வைப்பதில்லை. அவன் கேட்டது ரோப்லாக்ஸ் நேரத்தைக் கூட்டித் தர முடியுமா என்று. அங்கேயும் அரட்டைக்கு முன் முகத்தைக் காட்டி வயதுப் பிரிவைச் சரிபார்க்கும் முறை இங்கே டிசம்பரிலிருந்து வந்துவிட்டது. விளையாடட்டும், அரட்டை வேண்டாம் என்று வைத்திருக்கிறேன்.

ஏற்கெனவே உள்ளே நட்பும் பழக்கமும் வைத்திருக்கிற 14, 15 வயதுக்காரர்களை வெளியே இழுப்பதில் இந்தச் சட்டம் திணறுகிறது. இன்னும் உள்ளே போகாத பிள்ளைகளை வாசலிலேயே நிறுத்துவதில் நன்றாக வேலை செய்கிறது. 2026 ஜனவரி நடுவில் இணையப் பாதுகாப்பு ஆணையர் ஜூலி இன்மன் கிரான்ட் அலுவலகம், சுமார் 47 லட்சம் கணக்குகள் நீக்கப்பட்டோ முடக்கப்பட்டோ இருப்பதாகச் சொன்னது. மெட்டாவில் மட்டும் சுமார் 5.5 லட்சம். பெரிய எண்ணிக்கைதான். ஆனால் 10 முதல் 16 வயதுள்ள ஒவ்வொருவருக்கும் இரண்டுக்கு மேல் வருகிறது அந்தக் கணக்கு. அதாவது மறந்துபோன கணக்கும் இரண்டாவது கணக்கும் எல்லாம் சேர்ந்தது. மூடிய கணக்கை எண்ணலாம், புதிதாகத் திறந்த 19 வயதுக் கணக்குகளை யார் எண்ணுவது? தடை வந்த சில நாட்களிலேயே லெமன்8, யோப் என்று வேறு செயலிகள் பதிவிறக்கப் பட்டியலில் மேலே வந்தன. லெமன்8 டிக்டாக்கின் தாய் நிறுவனத்துடையதுதான். ஆணையர் அவர்களையும் கேள்வி கேட்டிருக்கிறார்.

தென் கொரியா 2011இல் 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் நள்ளிரவு முதல் காலை ஆறு வரை இணைய விளையாட்டு ஆடக் கூடாது என்று சட்டம் போட்டது. பிள்ளைகள் பெற்றோரின் அடையாள எண்ணைப் போட்டு ஆடினார்கள், விளையாட்டுகள் கணினியிலிருந்து போனுக்குப் போயின, சட்டம் கணினியிலேயே நின்றது. பத்து வருடம் கழித்து எடுத்துவிட்டார்கள். இங்கே அப்படி ஆகாது என்று உறுதி சொல்ல முடியாது. ஒரு வித்தியாசம், அங்கே ராத்திரி விளையாட்டை மட்டும் பிடித்தார்கள், இங்கே கணக்கையே பிடித்திருக்கிறார்கள், நிறுவனத்துக்கு அபராதமும் மிகப் பெரியது.

ஊரில் கேட்பவர்களுக்கு நான் நினைவுபடுத்துவது டிக்டாக்கை. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் இடைக்காலத் தடை போட்டு அதே மாதம் நீக்கியது. 2020 ஜூன் கடைசியில் மத்திய அரசு வேறு காரணத்துக்காக முழுதாக நிறுத்தியது. பிள்ளைகள் என்ன புத்தகம் எடுத்தார்களா? சில நாளிலேயே ரீல்ஸ் வந்தது, அங்கே போனார்கள். ஒரு செயலியை மூடினால் கூட்டம் அடுத்ததற்குப் போகும், வயதை வைத்து எல்லாவற்றையும் ஒரே நாளில் மூடினால்தான் கொஞ்சமாவது நிற்கும். 2025 டிசம்பரில் அதே மதுரைக் கிளை, ஆஸ்திரேலியா மாதிரிச் சட்டத்தை மத்திய அரசு பரிசீலிக்கலாம் என்று சொன்னதும் நாத்தனார் செய்தியை உடனே எனக்கு அனுப்பிவிட்டாள்.

எனக்குச் சந்தேகம் இருக்கிறது. இங்கே பெரும்பாலும் ஒரு பிள்ளைக்கு ஒரு போன். அங்கே ஒரு போன் நாலு பேருக்கு. சிம் அப்பா பேரில், கணக்கு அம்மா நம்பரில், பார்ப்பது பையன். எந்த இயந்திரம் யார் முகத்தைப் பார்த்து எதைக் கண்டுபிடிக்கும்? 2023ஆம் வருடத்து இந்தியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே பெற்றோர் சம்மதம் கேட்கச் சொல்கிறது. சம்மதம் கொடுக்கும் போனும் பிள்ளை கையில் இருக்கும் போனும் ஒன்றுதான். போதாததற்கு வீட்டுப்பாடமே வாட்ஸாப்பில் வருகிறது.

அதனால் நாத்தனாரிடம் சட்டத்துக்குக் காத்திருக்காதே என்றேன். எங்கள் வீட்டில் சட்டத்தைவிட அதிகம் பலித்தது ராத்திரி ஒன்பதுக்கு மேல் எல்லாப் போன்களும் சமையலறையில் சார்ஜில் இருக்க வேண்டும் என்ற விதிதான். எல்லாப் போன்களும் என்றால் அப்பாவுடையதும் சேர்த்து. அவர்தான் அதிகம் தகராறு செய்தார். இரண்டாவது, வகுப்பில் உன் பையனோடு நெருக்கமாக இருக்கும் நாலைந்து பிள்ளைகளின் அம்மாக்களிடம் பேசு. நாடு முழுக்க வேண்டாம், அந்த நாலைந்து வீடு சேர்ந்து ஒரே வயதைச் சொன்னால் போதும். மூன்றாவது, வீட்டுப்பாடத்தைப் போனில் பார்க்க விடாமல் நோட்டில் எழுதி வாங்கி வரச் சொல்ல முடியுமா என்று டீச்சரிடம் கேட்டுப் பார்.

போன வாரம் கூப்பிட்டாள். டீச்சர், முடியாது, நிர்வாகம் ஒத்துக்கொள்ளாது என்றுவிட்டாராம். அம்மாக்களில் பாதிப் பேர் சரி என்றார்களாம், ஒன்பதாவது முடியும் வரை போன் கிடையாது என்று. மிச்சப் பேர் "உங்க பையனை நீங்க பாத்துக்கோங்க" என்றார்களாம். அந்தப் பாதிப் பேரின் பிள்ளைகள் இப்போது சாயங்காலம் அவள் வீட்டு மொட்டை மாடியில்தான் கிரிக்கெட் ஆடுகிறார்கள். பந்து அடிக்கடி பக்கத்து வீட்டில் விழுகிறதாம், அந்த வீட்டுக்காரரோடு இப்போது பேச்சுவார்த்தை இல்லை.